ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு

கோபாலசாமி தன்னைப் பெரிய ராஜதந்திரி என்று நினைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டிவிட்டார். மகள் ஓவியா ஹைஸ்கூல் முடித்ததும், சைகை மொழி படித்துக் காது கேளாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போகிறேன் என்று வந்து நின்றாள். உடுமலைப்பேட்டையிலிருந்து கிளம்பி, அமெரிக்காவுக்கு வந்து, சுகர் லேண்டில் வீடு வாங்கி, ஆயில் கம்பெனியில் இருபது வருடம் குப்பை கொட்டியவர் இதற்கா சம்மதிப்பார்? ஆனால் முடியாது என்று நேராகச் சொன்னால் மனைவி சாரதா நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அதனால் சமரசம் பேசினார்.

"டபுள் மேஜர் பண்ணு கண்ணு. கம்ப்யூட்டர் சயின்ஸ் எனக்கு, கை பாஷை உனக்கு. ஆனா உன்னோட படிப்புச் செலவ நீயே வேலைக்குப் போய்ப் பாத்துக்கோணும்."

ஓவியா அவரைக் கட்டிக்கொண்டாள். அவள் மாடிக்கு ஓடிய பிறகு சாரதாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். "வேலையும் ரெண்டு படிப்பும் யாரால முடியும்? ஒரு செமஸ்டர்ல தானா விட்டுருவா, பாரு."

அவள் விடவில்லை. வாரத்துக்கு இருபத்தைந்து மணி நேரம் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பார்மசி கவுண்டரில் நின்றாள். சாப்பிடும்போதுகூட இடது கையால் மேஜைமேல் சைகை பழகுவாள். கோபாலசாமிக்கு அதைக் கண்டாலே எரிச்சல். "அந்தக் கைய வச்சுட்டு சும்மா இருக்க மாட்டியா?" என்பார். அவள் சிரித்துவிட்டுக் கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோவாள். அங்கேயும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

மூன்றாம் வருடம் உடம்பு கேட்கவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. காலேஜ் பார்க்கிங்கில் காருக்குள்ளேயே தூங்கி ஒரு பரீட்சையைக் கோட்டைவிட்டாள். அட்வைசர் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றை விட்டுவிடு என்று சொல்லிவிட்டார். சைகை மொழிக்கு வருடத்துக்குப் பன்னிரண்டே இடம். விட்டால் காத்திருக்கிறவர்களுக்குப் போய்விடும், திரும்பக் கிடைக்காது. இதைக் கேட்டதும் கோபாலசாமி ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தார். பொய் சொல்வானேன், அன்றைக்கு அவருக்கு இரண்டு தோசை கூடுதலாகவே இறங்கியது.

புதன்கிழமை ஓவியாவின் கார் மெக்கானிக்கிடம் இருந்ததால் அவளைக் கூட்டிவர அவரே கடைக்குப் போனார். கவுண்டரில் காது கேளாத ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் மாத்திரை டப்பாவைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கி நின்றாள். பார்மசிஸ்ட் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார், காது கேட்காதவளிடம். ஓவியா கவுண்டரைச் சுற்றி வெளியே வந்தாள். இரண்டு கைகளாலும் முகத்தாலும் ஏதோ கேட்டாள். அந்த அம்மாள் மடை திறந்த மாதிரி கைகளால் கொட்டித் தீர்த்தாள். நாலு நாளாகச் சர்க்கரை மாத்திரையை இரண்டு மடங்காகப் போட்டுக்கொண்டிருக்கிறாளாம். ஓவியா சொல்லித்தான் பார்மசிஸ்ட்டுக்கே தெரிந்தது. அவர் பதறிப்போய் டாக்டருக்கு போன் போட்டார்.

பேப்பர் டவல் அடுக்குக்குப் பின்னால் நின்று கோபாலசாமி எல்லாவற்றையும் பார்த்தார். வீட்டில் தூங்கி வழிகிற பெண்ணா இவள்? இவளையா விடவைக்கப் பார்த்தோம் என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது.

ஃப்ரீவேயில் ஓவியா கேட்டாள்: "அப்பா, எதை டிராப் பண்ணட்டும்? யூ டெல் மீ."

என்னோடதை விட்டுரு கண்ணு என்று சொல்லத்தான் வாயெடுத்தார். சொன்னால் இரண்டு வருடத் திட்டத்தையும் சேர்த்தல்லவா ஒப்புக்கொள்ள வேண்டும்? வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறதே, நாளைக்குச் சாரதாவையும் வைத்துக்கொண்டு பேசலாம் என்று முன்னால் போன டிரக்கையே பார்த்தபடி ஓட்டினார். அந்த வீட்டில் அப்பா பேசாமல் இருந்தால் முடியாது என்று அர்த்தம். அப்படிப் பழக்கி வைத்தவரே அவர்தான். அன்றைக்கு அது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். ஓவியா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"கண்ணு, கம்ப்யூட்டர் சயின்ஸ விட்டுரு. உன்னோடதையே படி."

ஓவியா நிமிர்ந்தாள். "அப்பா, மத்தியானமே டிராப் பண்ணிட்டேன். மைன், என்னோடதை."

"ஏஞ்சாமி? நாளைக்கு வரைக்கும் டைம் இருக்குதல்ல?"

"கார்ல கேட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லல. ஐ நோ வாட் தட் மீன்ஸ்."

"போன் பண்ணு. தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லு. நான் வேணா பேசட்டுமா?"

"வெயிட்லிஸ்ட்ல இருந்த பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க. தேங்க்ஸ் சொல்ல கால் பண்ணினா. அழுதுட்டா, ஷீ வாஸ் ஸோ ஹேப்பி."

கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சாரதா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "ஏனுங்க, தானா விட்டுருவான்னு அன்னைக்கே சொன்னீங்கல்ல? விட்டுட்டா பாருங்க."

ஓவியா அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவை. அன்றைக்கு அவர் சம்மதித்தது எதற்கென்று கேட்காமலே புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். கோபாலசாமி அவளுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரலாவது அசையாதா என்று இருந்தது அவருக்கு. கை மேஜைமேல் சும்மா கிடந்தது.