உப்பு நாடகம்

நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்த வருடம் அது. பூதலூர்ப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு விழாவில் வேதியியல் டீச்சர் அகிலாண்டம் ஒரு நாடகம் போட்டார். சோடியமும் குளோரினும் சேர்ந்து உப்பாவதுதான் கதை. இதில் யாருக்கு என்ன வம்பு வந்துவிடப் போகிறது என்று நினைத்தார்.

சோடியமாக நடித்தவள் கண்ணாத்தாள், விவசாயத் தொழிலாளர் சங்கத்து முருகையனின் மகள். குளோரின், மிராசுதார் சிங்காரவேலுவின் மகன் துரைராசு. எலக்ட்ரான்களுக்கு எலுமிச்சம்பழம். அணுவின் வெளிக்கூட்டுக்கு ஆளுக்கொரு தாம்பாளம். அவன் தாம்பாளத்தில் ஏழு பழம்; அவளுடையதில் ஒன்றே ஒன்று.

திரை விலகியதும் துரைராசு ஒப்பித்தான். “வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் நிறைந்தால்தான் எனக்கு நிம்மதி. உன்னிடம் இருக்கும் ஒன்றைக் கொடு.”

தரையில் உட்கார்ந்திருந்த முருகையன் எழுந்துவிட்டார். “ஏழு வெச்சிருக்கவன் ஒண்ணு வெச்சிருக்கவகிட்டயா கேக்குறான்? குடுக்காத புள்ள!”

முன்வரிசை நாற்காலியில் சிங்காரவேலு மீசையைத் தடவிக்கொண்டார். “சயின்ஸே அப்படித்தான்யா இருக்கு. நான் என்ன பண்றது?”

கண்ணாத்தாளுக்கு எழுதிக்கொடுத்த வசனம் திடீரென்று சப்பென்று பட்டது. “சும்மா கேட்டா எப்படி? கும்பிட்டுக் கேளு” என்றாள்.

துரைராசு டீச்சரைத் திரும்பிப் பார்த்தான். மேடை ஓரத்தில் நின்ற டீச்சர் வசனத் தாளைப் புரட்டினார். வேறு வழி தெரியாமல் அவன் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான். விசில் சத்தத்தில் பந்தல் அதிர்ந்தது. கண்ணாத்தாள் பெரிய மனதோடு பழத்தை அவன் தாம்பாளத்தில் போட்டாள்.

“ஏமாந்துட்டாளே!” என்று முருகையன் தலையில் அடித்துக்கொண்டார்.

“அவசரப்படாதீங்கப்பா.” காலித் தாம்பாளத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு அவள் மடியை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே எட்டுப் பழம். “உள்கூட்டுல எட்டும் முழுசா இருக்கு. இனிமே இதுதான் என் வெளிக்கூடு. அந்த ஒத்தை எலக்ட்ரான்தான் தொல்லை. ஒழிஞ்சுது.”

“அடிப்பாவி, எட்டை மறைச்சா வெச்சிருந்தே?” என்றார் சிங்காரவேலு.

“மறைச்சு வெக்கிறது உங்க பழக்கமால்லங்க இருந்துச்சு” என்றார் முருகையன். உச்சவரம்புக்குப் பயந்து பினாமி பெயரில் நிலம் எழுதிவைத்திருந்த நாலைந்து பேர் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள்.

சமாளிக்க நினைத்து அகிலாண்டம் உரக்கப் படித்தார். “கொடுத்தது நேர்மின் அயனி, வாங்கியது எதிர்மின் அயனி. ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். இதுவே உப்பு.”

இந்த இடத்தை மட்டும் துரைராசு நன்றாக ஒத்திகை பார்த்திருந்தான். சட்டென்று கண்ணாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“திரையைப் போடுங்கடா!” என்று மிராசுதார் அலறினார். கயிறு சிக்கிக்கொண்டது என்றான் திரை இழுப்பவன். அவன் சங்கத்து ஆள்.

மறுநாள் காலை சிங்காரவேலு பள்ளிக்கு வந்தார். தனக்கு மாற்றல்தான் என்று அகிலாண்டம் மனதைத் தேற்றிக்கொண்டார். மிராசுதாரோ குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“டீச்சரம்மா, குடுக்காம, வாங்காம, யாரோடயும் ஒட்டாம இருக்கிற அணு ஏதும் கிடையாதா?”

“இருக்குங்கய்யா. நியான். அதுக்கு வெளிக்கூட்டுல ஏற்கெனவே எட்டு.”

“அடுத்த வருஷம் அதைப் போடுங்க.”

போட்டார். துரைராசு மேடை நடுவே தனியாக, பேசாமல், அசையாமல் நின்றான். கூட்டம் கொட்டாவி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக டீக்கடைக்குக் கலைந்தது. சிங்காரவேலு மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்து கைதட்டினார்.

“இதுதான்யா நாடகம்!”