சனிக்கிழமை முட்டை

கோழிக் கூண்டின் தாழ் விழும் சத்தம் கேட்டதும், ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பாஞ்சாலி எழுந்துவிட்டாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி அவள் முந்தானையைப் பிடித்தாள். விடுவித்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

அங்கே நாத்தனார் கோவிந்தம்மா ஒரு கையில் சணல் கயிறும் மறுகையில் கருப்பியுமாக நின்றிருந்தாள். வீட்டில் இருந்த நாலு பெட்டைகளில் கருப்பிதான் இளசு.

"அதை எதுக்கு அண்ணி புடிச்சினு கீற?"

"என் தம்பி சனிக்கிழமை போயிருக்கான். பாடையில ஒரு உசுரக் கட்டி அனுப்பலன்னா இந்த வீட்டுல இன்னொண்ணக் கேக்கும். எனக்கு நம்ம கிஷோரை நெனச்சாத்தான் பயம்." குரலைத் தாழ்த்தினாள். "இது எப்படியும் போற கேஸு. நல்லா இருக்கறதையா புடிச்சேன்?"

பெருங்குடி ஆபீசிலிருந்து அழுக்குச் சட்டையோடு ஓடிவந்திருந்த மகன் கிஷோர் பின்வாசற்படியில் நின்றான். "தேங்கா கட்டலாம்னு சொல்றாங்க அத்தை. வாங்கினு வர்றேன்."

"தேங்காயில இன்னாடா உசுரு கீது?"

பாஞ்சாலி கருப்பியை வாங்கிக்கொண்டாள். கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் அவள் கையால் கோழியைத் தொட்டது அன்றைக்குத்தான். கோழிக்கு வைத்தியம் நடக்கும்போது டார்ச் அடிப்பது மட்டும்தான் அவள் வேலை. அதுவும் மூக்கைப் பொத்திக்கொண்டு, கைநீளத்துக்குத் தள்ளி நின்று.

பள்ளிக்கூட வேன் ஓட்டிய அவள் புருஷன் அங்கமுத்துவுக்கு மயிலாப்பூர்ச் சந்தில் கோழி டாக்டர் என்று பெயர். எச்சம் பச்சையாக இருந்தால் கழிச்சல் நோய் என்பார், சிவப்பாக இருந்தால் வயிற்றில் பூச்சி என்பார். அலகருகே மூக்கை வைத்து மோந்து சளியைக் கண்டுபிடிப்பார். கையைக் கழுவிவிட்டு வந்து அதே ரசனையோடு மீன்குழம்பை மோந்து பார்ப்பார்.

"எனக்கு இருமல் வந்தா ஒரு மாத்திரை வாங்கியாரத் தெரியல. கோழி தும்மினா மட்டும் தூக்கம் போயிடுது" என்று அவள் குத்துவாள்.

"நீதான் வாயால சொல்லிடறியே. அது சொல்லாதே" என்பார்.

நேற்றுச் சாயங்காலம் கருப்பி வாலைத் தொங்கப்போட்டு, கால்களை அகட்டி முக்கிக்கொண்டு நின்றது. கொண்டை வெளுத்திருந்தது. அடிவயிற்றைத் தடவிப் பார்த்தவர், "மொத முட்டை. வழியில மாட்டிக்கினு கீது" என்றார். வெந்நீரில் உட்கார வைத்தார். முட்டை வரவில்லை. விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆட்டோ வருவதற்குள், வேர்வை வழிய வழிய, "கருப்பிய இன்னொரு வாட்டி வெந்நீர்ல வைக்கணும்" என்றார்.

"வாய மூடினு படு" என்றாள் பாஞ்சாலி. அதன்பிறகு அவர் பேசவில்லை.

இப்போது அவள் விரல்கள் கருப்பியின் அடிவயிற்றில் அந்த உருண்டையைத் தேடிக் கண்டன. கெட்டியாக இருந்தது.

"அண்ணி, உள்ள முட்டை கீது. சேவல் சேர்ந்த முட்டை. அதுலயும் உசுரு உண்டுல்ல? அது வந்துச்சுன்னா அதக் கட்டி அனுப்பு."

"வேற முட்டை இல்லியா வீட்டுல?"

"மத்ததெல்லாம் இறகு கொட்டினு கீது. பத்து நாளா ஒண்ணும் போடல."

"வரலன்னா?"

பாஞ்சாலி உருண்டையிலிருந்து விரலை எடுத்தாள். "வரலன்னா கோழிய எடுத்துக்க."

சுடுகாட்டில் நாலரைக்கு நேரம் வாங்கியிருந்தார்கள். மணி மூன்றாகப் போகிறது. பிணம் கிடக்கிற வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. வெந்நீருக்குக் கிஷோர் பக்கத்து வீட்டுக்கு ஓடினான். கரீமுல்லா ஒரு பெரிய குண்டானை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பிரியாணி குண்டான்தான்க்கா. மூணு வாட்டி தேச்சிட்டேன். கோழிக்குத் தெரியவேணாம்."

கோவிந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாஞ்சாலி முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவி, வயிறு நனையும் அளவுக்குக் கருப்பியை இறக்கினாள். ஒருதரம் சிறகடித்தது. பிறகு சூடு ஏற ஏற அவள் உள்ளங்கையில் பாரத்தைப் போட்டது.

"அமுக்கி எடுத்துடேன்" என்றாள் கோவிந்தம்மா.

"அமுக்கினா உள்ளயே ஒடைஞ்சிரும். ஒடைஞ்சா கோழி செத்துப்பூடும்."

இதெல்லாம் தனக்குத் தெரியும் என்பது பாஞ்சாலிக்கே அப்போதுதான் தெரிந்தது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கேட்டுக்கொண்டும்தான் நின்றிருக்கிறாள்.

இருபது நிமிஷம் ஆயிற்று. விளக்கெண்ணெயை விரலில் தொட்டு, கருப்பியின் முட்டை வரும் வாசலைச் சுற்றித் தடவினாள். கருப்பியைச் சாக்குமேல் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு இருட்டாக்கினாள். முன்பக்கம் மேளம் ஆரம்பித்தது. பிறந்த வீட்டுப் பெண்கள் பூவும் வளையலுமாக அவளைத் தேடி வந்தார்கள்.

"இங்கயே வையுங்க" என்றாள்.

குனிந்த தலையில் பூ வைத்தார்கள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார்கள். எண்ணெய்க் கையில் வளையல்கள் வழுக்கிக்கொண்டு ஏறின. அவள் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தபடியே இருந்தாள்.

வாசலில் யாரோ, "டைம் ஆச்சு, தூக்கலாமா?" என்றார்கள்.

கோவிந்தம்மா கயிற்றை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு வாசலைப் பார்த்து, "கொஞ்சம் இருங்கடா" என்று குரல் கொடுத்தாள்.

கருப்பி எழுந்து நின்றது. உடம்பைக் குறுக்கி ஒரு முக்கு முக்கியது. சாக்கில் விழுந்த முட்டை சின்னதாக இருந்தது. ஓட்டில் ஒரு கீற்று ரத்தம்.

பாஞ்சாலி அதைத் துடைக்கப் போனாள். "வேணாம், அப்படியே குடு" என்று கோவிந்தம்மா இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டாள். மஞ்சள் துணியில் முடிந்து, பாடையின் கால்மாட்டில் அவளே கட்டினாள். கிஷோர் நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்தான். பாஞ்சாலி தெருமுனை வரை போய்த் திரும்பினாள்.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குளித்தார்கள். கோவிந்தம்மா ஈரத்தலையோடு பின்பக்கம் வந்தாள். பாஞ்சாலி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கருப்பி. இறகுகள் இன்னும் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"குளிக்க வா பாஞ்சாலி. எல்லாரும் காத்துனு கீறாங்க."

"ஈரத்தோட வுட்டா சளி புடிச்சிக்கும் அண்ணி. இது காயட்டும்."

கோவிந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் சுவரோரமாக நகர்ந்துகொண்டிருந்தது. அது நகர நகர, மடியைக் கலைக்காமல், பாஞ்சாலியும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.