இறக்கத்தில் சாகிற பேட்டரி

சாமியப்பனின் அம்பாசிடருக்குக் கெட்ட குணம் ஒன்று வந்து சேர்ந்திருந்தது. மலைமேல் சோளக்காடு ஊரில் அவர் ஊட்டு வாசலிலிருந்து ஜம்மென்று கிளம்பும். எழுபது வளைவும் இறங்கி அடிவாரத்துக் காரவள்ளியில் டீக்கு நிறுத்தினால் போச்சு. அப்புறம் சாவியை எத்தனை திருகினாலும் 'டக்'கென்று ஒரு சத்தம், அதோடு சரி. பேட்டரியில் சொட்டு உயிர் இருக்காது.

வேறு நாளாயிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை நாமக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து மகள் வித்யாஸ்ரீயையும் பிறந்து பத்து நாளான பேத்தியையும் மேலே கூட்டி வரணும். அம்மா இல்லாத ஊட்டுக்குப் பச்சைப் பிள்ளையோடு எதுக்கு என்று சம்பந்தி வகையில் இழுத்துத்தான் பார்த்தார்கள். மனுசன் பிடிகொடுக்கவில்லை. தங்கச்சி பரிமளாவை வரவழைத்து, வெந்நீர் அண்டாவிலிருந்து தொட்டில் சேலை வரைக்கும் தயார் பண்ணிவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளை சிவபிரகாஷ் போனில் மெதுவாகச் சொன்னான்.

"மாமா, வளைவுல வண்டி நின்னு போச்சுன்னா கொழந்தைய வச்சுக்கிட்டு என்னங்க பண்றது? நான் வாடகை வண்டி சொல்லிர்றேனுங்க."

சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் சாமியப்பனுக்குச் சுருக்கென்றது.

இருபத்தெட்டு வருசத்துக்கு முன்னால் வித்யாஸ்ரீயே பச்சைப் பிள்ளையாக இந்த வண்டியில்தான் மலையேறினாள். அன்றைக்கு அப்படியொரு மழை. வைப்பர் வேலை செய்யாமல் அவர் கையை வெளியே விட்டுக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். அதற்கப்புறம் எத்தனை பேளுக்குறிச்சிச் சந்தை! பின்னால் மிளகு மூட்டை, பக்கத்தில் பெண்டாட்டி ராசம்மாள். சந்தையில் வியாபாரி தொண்டை வற்றுகிற வரைக்கும் பேரம் பேசிவிட்டு, திரும்புகையில் நாலாவது வளைவிலேயே தூங்கிப் போவாள். சீட்டை மோந்து பார்த்தால் இன்றைக்கும் மிளகு வாசம் அடிக்கும். அந்த வண்டியில்தான் பேத்தியும் வரணும். இது ஆசையா வீம்பா என்று கேட்டால், ரெண்டும்தான், வேறென்ன!

காரவள்ளி எலக்ட்ரீசியன் காளியண்ணன் மூன்று தடவை பார்த்துவிட்டான். பெல்ட்டை இறுக்கினான். பேட்டரியை மாற்றினான். சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரையே கழற்றி வேறொன்று மாட்டினான். ஒவ்வொரு தடவையும் வேறு பேட்டரியைக் கொடுத்து வண்டியைக் கிளப்பி, ஆக்சிலேட்டரை உறும விட்டு, மீட்டர் வைத்துப் பார்ப்பான். சார்ஜ் அருமையாக ஏறும். மலைமேல் வந்து சேர்கிற வரைக்கும் ஏறும். மறுநாள் இறங்கினால் பழைய குருடி கதைதான்.

காளியண்ணனுக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. புதன்கிழமை காலை பையில் மீட்டரைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிச் சோளக்காட்டுக்கே வந்துவிட்டான். காய்ச்சல் விட்ட பிறகே தன்னிடம் வந்து நின்றால் எந்த வைத்தியன் கண்டுபிடிப்பான், வண்டி இருக்கிற இடத்தில்தான் பார்க்கணும் என்றான். எப்போதிருந்து இப்படி என்று கேட்டான். ஐப்பசியிலிருந்து என்றார் சாமியப்பன். ராசம்மாள் போனதும் ஐப்பசியில்தான். அவளைத் தேடித்தான் வண்டிக்கும் சீக்கு வந்துவிட்டது என்று அவர் மனசுக்குள் வைத்திருந்தார், யாரிடமும் சொல்லவில்லை.

பானெட்டைத் திறந்து மீட்டரை மாட்டிவிட்டு, எப்பவும் போலக் கிளப்பச் சொன்னான். சாமியப்பன் எப்பவும் போலப் பூப்போல கிளப்பினார். மலை இறங்குகையில் அவர் கால் ஆக்சிலேட்டரில் படவே படாது. மீட்டரில் முள் அசையவில்லை. சார்ஜ் இல்லை. இப்போது ஒரே மிதியாக மிதிங்க என்றான். வண்டி உறுமியது, முள் எகிறியது, காலை எடுத்த பிறகும் இறங்கவில்லை.

காளியண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். கீழே அவன் உறும விட்டுப் பார்த்ததால் வண்டி விழித்துக்கொண்டது. இங்கே மெதுவாகக் கிளம்பி மெதுவாகவே இறங்கியதால், ஹெட்லைட்டும் ஹாரனும் பேட்டரியைத் தின்று தீர்த்துவிட்டன. உறும விட்டாலொழிய ஆல்டர்னேட்டர் தானாக எழுந்திருக்காதுங்கண்ணா, சாவி போட்டதும் டேஷ்போர்டு மீட்டரில் எரிகிற சின்னச் சிவப்பு பல்பு வழியாகத்தான் அதை எழுப்புகிற கரண்டு போகும் என்று விளக்கிக்கொண்டே டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டான். கை நின்றுவிட்டது.

"ஏனுங்ண்ணா, பல்பு இல்லீங்களே. சிவப்பு லைட்டு எரியுதுங்களான்னு முதல் நாளே கேட்டனே, பழைய வண்டி, மீட்டர் லைட்டெல்லாம் எரியாது, அதை விடுன்னு சொன்னீங்களே?"

சாமியப்பன் டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து, ராசம்மாள் வைத்திருந்த திருநீற்றுச் சம்படத்தை எடுத்தார். பல்பு அதற்குள் இருந்தது.

"நாந்தான் கழட்டுனேன்," என்றார்.

முன் சீட்டில் அவள் உட்கார்ந்ததும், அவர் சாவி போடுவார். சிவப்பு அணையாமல் வண்டியை நகர்த்த விடமாட்டாள். 'அணைஞ்சுதுங்களா?' என்று கேட்பாள். அவர் 'அணைஞ்சுது' என்றால்தான் சாய்ந்து உட்காருவாள். இருபத்தெட்டு வருசமும் அதே கேள்விதான். காரியம் முடிந்து மறுவாரம் வண்டியை எடுத்தபோது சிவப்பு எரிந்தது, அணைந்தது, கேட்க ஆளில்லை. அன்றைக்கே பிடுங்கிப் போட்டார். ஒரு லைட்டு எரியாவிட்டால் வண்டிக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தார்.

பல்பை வேட்டியில் துடைத்து அவர் நீட்ட, காளியண்ணன் வாங்கி மாட்டினான். சாவியைப் போட்டதும் சிவப்பு எரிந்தது. பூப்போல கிளப்பினார், அணைந்தது. காலே படாமல் முள் ஏறி நின்றது. சாமியப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். அறுபத்திரண்டு வயசு ஆம்பளை, வெட்கமில்லாமல் அழுதார்.

அப்புறம் மகளுக்குப் போன் போட்டார். வாடகை வண்டி வேண்டாம், நான் வாரேன் என்றார். என்னப்பா ரிப்பேர் என்று அவள் கேட்டாள். எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அவர் மழுப்பவில்லை, பல்பைப் பிடுங்கியது, பிடுங்கிய காரணம், எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வித்யாஸ்ரீ பேசினாள்.

"கொழந்தைய அவரு பின்னால வச்சுக்கட்டும்ப்பா. முன்னால நான் உக்காந்துக்கறேன்."

"செரி கண்ணு," என்றார் சாமியப்பன்.