தண்டச்சோற்று மகாராணி

நான் வீட்டோடு மாப்பிள்ளை. என் பொழுதுபோக்கு ஒட்டுண்ணி எறும்பு வளர்ப்பது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். பார்த்துப் பார்த்து எனக்கு அது பழகிவிட்டது. என் மாமனாருக்கு மட்டும் அலுக்கவே இல்லை. குழாய் ரிப்பேர் செய்ய வந்தவரைக்கூடப் பின்னறைக்குக் கூட்டிப்போய், கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, "இவங்கெல்லாம் மாப்ளையோட சொந்தக்காரங்க" என்று அறிமுகம் செய்து வைத்தவர் அவர்.

பெட்டியில் இரண்டு இனம் உண்டு. ராணி சிவப்பு. அவள் பெற்றதெல்லாம் சிவப்பு. அவற்றின் தாடை அரிவாள் போல வளைந்திருக்கும். சண்டைக்குத்தான் அது லாயக்கு. இரை பொறுக்க, புழுக்களை வளர்க்க, கூட்டைச் சுத்தம் செய்ய எதற்கும் உதவாது. அந்த வேலையெல்லாம் கறுப்பு எறும்புகள் பார்க்கும். காட்டில் என்றால் சிவப்புகள் படையெடுத்துப் போய்க் கறுப்புகளின் கூட்டுப்புழுக்களைத் தூக்கி வரும். வீட்டில் படையெடுக்க விட்டால் மாமியார் என்னையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவார். அதனால் கறுப்பு எறும்புகளைத் தனியாக வேறொரு பெட்டியில் வளர்த்து, அவற்றின் கூட்டுப்புழுக்களை நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

இந்த ராணி எனக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. நான் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் கடையின் பின்சுவரில், மழை விட்ட ஒரு சாயங்காலம், சிறகை உதிர்த்துவிட்டு அலைந்துகொண்டிருந்தாள். இதற்கு முன் பிடித்த ராணிகளின் காலைக் கறுப்பு எறும்புகள் பிய்த்துப் போட்டுவிட்டன. இவளுக்கு மட்டும், அப்போதுதான் கூட்டை விட்டு வெளிவந்த வெளிறிய குஞ்சுக் கறுப்புகளாகப் பொறுக்கிக் கொடுத்தேன். உலகம் தெரியாத வயது, யாரையும் அம்மா என்று நம்பிவிடும். அவற்றில் ஒன்று தயங்கித் தயங்கி வந்து அவள் வாயில் முதல் சொட்டை ஊட்டியபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவி, "நம்ம கல்யாணத்துல கூட நீ அழல" என்று இன்றுவரை குத்திக் காட்டுகிறாள்.

மாமனார் குளிர்பானக் கம்பெனியில் பாட்டில் கழுவும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அதைவிட முக்கியம், அங்கே தொழிற்சங்கச் செயலாளர். முதலாளியை வாசலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்ட மனிதர். கேள்வி கேட்க ஆளில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு என் பெட்டி வசமாக மாட்டியது. என் லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு, எறும்புக்கு இருட்டாகத் தெரிவதற்காக மேலே மூடியிருக்கும் சிவப்புத் தாளைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்.

"இந்தக் கறுப்பு காலையிலேர்ந்து ஒரு நிமிஷம் உக்காரல, மாப்ள. இதுக்கு வார லீவு உண்டா?"

"இல்ல மாமா."

"ஓவர்டைம்?"

"எறும்பு மாமா அது."

"எல்லா முதலாளியும் இப்படித்தான்யா சொல்வான்."

சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தது என் தப்பு.

மச்சினிக்குக் குழந்தை பிறந்து, மாமியார் உதவிக்குப் போயிருந்த சமயம் அது. மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பகல் ஷிப்ட். எனக்குக் கடையில் பள்ளிக்கூட ஆர்டர் ஒன்று தலைக்கு மேல் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் விழுவதோடு சரி. பெட்டிப் பக்கமே போகவில்லை. அந்த ஆர்டர் முடிந்த அன்று வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்தேன். மாமனார் வாசலிலேயே காத்திருந்தார். முகத்தில் போனஸ் வாங்கிக் கொடுத்த பூரிப்பு.

"நேத்தே ஒரு நல்ல காரியம் பண்ணிட்டேன் மாப்ள. நீங்களா பார்ப்பீங்கன்னு சொல்லாம இருந்தேன். வாங்க."

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஜாம் பாட்டில். அதில் ஈரப் பஞ்சு, ஒரு சொட்டுத் தேன், மூடியில் ஊசித் துளைகள். உள்ளே, ராணியின் பெட்டியில் இருந்த கறுப்பு எறும்புகள் அத்தனையும் இருந்தன. நான் செய்வதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக, ஒரு கால்கூட ஒடியாமல் எடுத்து மாற்றியிருக்கிறார்.

"விடுதலை பண்ணிட்டேன். அந்தத் தடியனுங்களுக்கும் தேன் வச்சிருக்கேன். பசிச்சா எடுத்துத் தின்னட்டுமே, கை கால் இல்லையா?"

அவசரமாகச் சிவப்புத் தாளைத் தூக்கினேன். சிவப்பு எறும்புகள் தேனைச் சுற்றித்தான் நின்றன. ஒன்று தேனிலேயே காலை வைத்துக்கொண்டு நின்றது. எல்லாம் ஒன்றின் முகத்தை ஒன்று உணர்கொம்பால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தன. கொடுக்கத்தான் யாரும் இல்லை. மூலையில் சில செத்துச் சுருண்டு கிடந்தன. ராணி ஒருக்களித்திருந்தாள், முன்னங்கால் ஒன்று மட்டும் அசைந்தது.

"தேன் மேலயே நிக்குதே. ஏன் திங்கல?" என்றார் மாமனார்.

"தெரியாது மாமா."

"உங்களுக்கா?"

"அதுக்கு! எடுத்துத் தின்னத் தெரியாது. பக்கத்துல மலையா குவிச்சாலும் பட்டினி கெடந்து சாகும். யாராவது ஊட்டணும். யாரைக் கேட்டு இதைப் பண்ணீங்க?"

அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மாமனாருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் லென்ஸைக் கண்ணில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பாட்டிலைப் பார்த்தார். விடுதலையான கறுப்புகளும் ஒன்றும் கொண்டாடிக்கொண்டிருக்கவில்லை. தவறிப்போய்ப் பிரஷ்ஷில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரே ஒரு புழுவை நடுவில் வைத்து, அத்தனையும் அதன்மேல் கவிழ்ந்து கிடந்தன.

"திரும்பச் சேத்து வச்சிட்டா போச்சு," என்றார், குரல் இறங்கி.

"பாட்டிலை எதுல கழுவினீங்க?"

"சோப்புலதான். நல்லா வாசனையா…" பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். எறும்புக்கு ஆளை அடையாளம் காட்டுவது வாசனை என்று நான்தான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேனே. சோப்பு மணத்தோடு திரும்பிப் போகும் கறுப்புகளை அந்த அரிவாள் தாடைகள் என்ன செய்யும்? அல்லது ஒரு நாள் பிரிவில் ராணியின் மணம் மறந்துபோய், கறுப்புகளே அவள் காலைப் பிய்த்தால்?

சேர்க்காமல் விட்டால் எப்படியும் சாவுதான். பெட்டியையும் பாட்டிலையும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். குளிரில் எறும்பு விறைத்து மந்தமாகிவிடும். சண்டை போடத் தெம்பு இருக்காது. விழித்தெழும்போது பக்கத்தில் படுத்திருப்பதன் வாசனை தன்மேலும் ஒட்டியிருக்கும். விறைத்ததும் பாட்டிலைச் சாய்த்துப் பிரஷ்ஷால் தள்ள வேண்டும். மாமனார் பிரஷ்ஷைக் கேட்டு வாங்கினார். மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக ராணியைச் சுற்றிப் படுக்க வைத்தார்.

இருவரும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஒரு கறுப்பு காலை உதறியது. எழுந்து கொம்பைத் துடைத்தது. எதிரே ஒரு சிவப்பு விழித்துத் தாடையை விரித்தது. மாமனார் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கறுப்பு பின்வாங்கவில்லை. சிவப்பின் முகத்தைத் தட்டிப் பார்த்தது. தாடை மெல்ல மூடியது. இரண்டும் வாயோடு வாய் வைத்து அப்படியே நின்றன. கொஞ்ச நேரத்தில் ராணியைச் சுற்றியும் கறுப்பு மொய்த்தது. கடிக்கவா என்று லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஊட்டிக்கொண்டிருந்தன. ராணியின் வயிறு லேசாக அசைந்தது.

"திங்கறாளா?" என்றார் மாமனார்.

"திங்கறா."

"அப்பாடா. பாவி மவ, உயிரை எடுத்துட்டா." சுவரில் சாய்ந்து காலை நீட்டினார். எனக்கும் கோபமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் இப்படித் தோளோடு தோள் உட்கார்ந்ததே இல்லை. நன்றாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி வேலை முடிந்து வந்தாள். நேரே சமையலறைக்குப் போனவள் அங்கிருந்தே கத்தினாள்.

"அப்பா! காலையில செஞ்சு வச்ச சோறு, பருப்பு, முட்டை எல்லாம் அப்படியே இருக்கு. நீங்க சாப்பிடலையா?"

"சாப்பிடல."

"ஏன்?"

"யாரும் போட்டுத் தரலையேம்மா," என்றார் மாமனார், வெகு இயல்பாக.

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். "நேத்து மத்தியானம்?" என்று அவள் வாசலில் வந்து நின்று கேட்டாள். "பிஸ்கட்," என்றார். அதற்குமேல் இருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்தான் முதலில் வெடித்தார் என்று இப்போது நான் சொன்னாலும் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சிரித்து ஓய்ந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சமையலறையில் அலமாரிகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. "தட்டு எங்கம்மா இருக்கும்?" மகள் உதவிக்குப் போகத் திரும்பினாள். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். வெகுநேரம் கழித்து, பருப்பு வழியும் ஒரு தட்டோடு வந்து, அதை என்னிடம் நீட்டினார்.

"மொதல்ல நீங்க சாப்பிடுங்க மாப்ள."

ஆறிப்போன சோறு. வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மூவரும் சாப்பிட்டு முடித்ததும் மாமனார் மாமியாருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"இன்னிக்கு நானே சோறு போட்டு சாப்பிட்டேன். எல்லாருக்கும் நான்தான் போட்டேன், தெரியுமா?"

அந்தப் பக்கம் குழந்தைகூட அழுகையை நிறுத்தியது.

"சரி," என்றார் மாமியார். "தட்டை யாரு கழுவுனா?"

முதலாளிகளைக் கேள்வி கேட்ட மனிதர் போனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நாங்கள் எறும்பைப் பார்த்தோம். "லைன்லயே இரு," என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.