கம்பத்தில் பட்ட பந்து

பிப்ரவரியில், உறைபனி படிந்த ஒரு வளைவில் கார் வழுக்கிப் பள்ளத்தில் உருண்டது. ஓட்டிய கஹல் ஹெராட்டி தோள் எலும்பு முறிந்து பிழைத்தான். பக்கத்தில் இருந்த ஓனன் ரஃப்டர் பிழைக்கவில்லை. இருவரும் கில்ப்ரேக் ஊர்க் கால்பந்து அணியின் முன்வரிசை ஆட்டக்காரர்கள். அந்த நாட்டுக் கால்பந்தில் பக்கத்துக்குப் பதினைந்து பேர்; பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனாலும் ஒரு புள்ளி. அணியின் பயிற்சியாளர் டின்னி, ஓனனின் அப்பா.

யார் மேலும் தப்பில்லை, பனிதான் காரணம் என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் கஹல் மைதானத்துப் பக்கமே வரவில்லை. ஏப்ரலில் ஒரு மாலை, அவன் பால் கறந்துகொண்டிருந்த கொட்டகைக்கே டின்னி போய் நின்றார்.

"செவ்வாக்கிழமை பயிற்சி. வந்துரு."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது, டின்னி?"

"இருக்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டு வா. பதினஞ்சு பேர் தேறணும்ல? பாதிப் பேரு சிட்னியில செங்கல் தூக்குறானுங்க."

ஊரே டின்னியைப் பெரிய மனசுக்காரர் என்றது. பாதிரியார் பிரசங்கத்திலேயே சொன்னார். டின்னியின் மனைவி நோரா மட்டும் அதில் சேரவில்லை. ஆட்டம் பார்க்கவும் வரவில்லை.

மாவட்ட கிளப் கோப்பையின் லீக் சுற்றில், முதல் ஆட்டத்தில் எதிரணிக் கூட்டத்திலிருந்து ஒருவன், "பாத்து ஓட்டுடா, ஹெராட்டி!" என்று கத்தினான். அன்று தோற்றார்கள். அதற்குப் பிறகு இறுதி ஆட்டம் வரை தோற்கவில்லை. காலிறுதியில் கொட்டும் மழையில் கஹல் அடித்ததெல்லாம் கம்பத்துக்கு மேலே பறந்து புள்ளியானது. அரையிறுதியும் கைக்கு வந்தது.

அக்டோபரில் இறுதி ஆட்டம், பக்கத்து ஊர் டூனாவோடு. நோரா வந்து ஓரத்தில் தனியாக உட்கார்ந்தாள். கடைசி நிமிடத்தில் கில்ப்ரேக் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது ஃப்ரீ கிக் கிடைத்தது. கஹல் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக்கூடிய தூரம். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. விசில் ஊதிவிட்டார்கள்.

டூனாக்காரர்கள் ஆரவாரத்தோடு உள்ளே பாய்ந்தார்கள். டின்னி அசையவில்லை. பந்து விலகிய அந்தக் கணத்தில் அவருக்குள் எழுந்தது ஏமாற்றம் இல்லை, நிம்மதி. ஓனன் தூக்காத கோப்பையை இவனும் தூக்க வேண்டாம். மன்னித்துவிட்டதாக ஊர் நம்பியது. அவரும் நம்பியிருந்தார்.

புல்லில் குந்தியிருந்த கஹலிடம் நோரா போனாள்.

"எழுந்திரு, ஈரமா இருக்கு."

"மன்னிச்சிருங்க, நோரா."

"எதுக்கு, பந்துக்கா?"

கஹல் எழுந்து அவளுக்கு எதிரே நின்றான்.

"உன் முகத்தப் பாக்கவே எனக்கு இவ்வளவு நாளாச்சு," என்றாள். "வீட்டுக்கு வா. டீ குடிச்சிட்டுப் போ."

வீட்டுக்குப் போகும் வழியில், அவர்கள் இருவர் மட்டும் இருந்த காரில் டின்னி மெல்லச் சொன்னார்: "அவன் தவறவிட்டப்ப நான் சந்தோஷப்பட்டேன், நோரா."

"தெரியும். உன் முதுகப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

சமையலறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். நோரா ரொட்டி வெட்டினாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. டின்னிதான் வாயைத் திறந்தார்.

"அன்னிக்கு கார்ல... என்ன பேசிக்கிட்டு வந்தான்?"

கஹல் தயங்கினான். "உங்களப் பத்திதான். இந்த வருஷம் அப்பா என்னைய முன்வரிசையிலேருந்து தூக்கி கோல்ல நிக்க வச்சிருவாருன்னு புலம்பிக்கிட்டே வந்தான்."

"வச்சிருப்பேன்," என்றார் டின்னி. "வச்சிருப்பேன்டா." நோரா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.