பெண் பார்க்கப் போன கேஜ்

பெண் பார்க்கப் போகிறவர்கள் பூ, பழம், ஸ்வீட் பாக்ஸ் எடுத்துப்போவார்கள். செம்பியன் கூடவே ஒரு கேஜையும் எடுத்துப்போனான்.

திருகாணியின் தலை தகட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்காமல் சமமாக உள்ளே உட்கார வேண்டுமானால், ஓட்டையின் வாயைப் புனல் மாதிரி சரித்துக் குடைய வேண்டும். அதற்குக் கவுண்டர்சிங்க் என்று பெயர். அந்தச் சரிவு எத்தனை டிகிரி என்று அளந்து சொல்வதுதான் இந்தக் கேஜின் வேலை. பார்வைக்குக் கைக்கடிகாரத்துக்கு இரண்டு கால் முளைத்த மாதிரி இருக்கும். கால்களை ஓட்டைக்குள் விட்டால் சரிவில் விரிந்து உட்காரும்; மேலே முள் நகர்ந்து டிகிரியைக் காட்டும். கடலூரில் செம்பியன் வேலை பார்த்த பம்ப் உதிரிபாகக் கம்பெனியில் இது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சரியாக அளக்கிறது என்பதற்கு அதன் முதுகில் ஒரு பச்சை ஸ்டிக்கர். அதைக் கையில் பிடிக்கிறவன் என்ற முறையில் தன் முதுகிலும் அப்படி ஒன்று ஒட்டியிருப்பதாகச் செம்பியனுக்கு ஒரு நினைப்பு.

கம்பெனியில் அவன் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஜாதகத்தோடு போன பயோடேட்டாவில் அக்கா வெண்மதி 'குவாலிட்டி மேனேஜர்' என்று போட்டுவிட்டாள். ஊரார் செய்த தகட்டில் நூலளவு பிழை இருந்தாலும் கண்டுபிடிக்கிறவன், இதைப் பிழையாகவே கருதவில்லை. மேனேஜர் என்றால் கையில் காட்ட ஏதாவது வேண்டுமே என்று மட்டும் யோசித்தான். சனிக்கிழமை வேலை முடிந்ததும் கேஜைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஸ்டோர் கவுண்டரில் பிரிசில்லா அன்றைய கருவிகளை எல்லாம் திரும்ப வாங்கி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சார், கவுண்டர்சிங்க் கேஜு?"

"என் டேபிள்ல வச்சி பூட்டிருக்கேன். திங்கக்கிழமை காலையில வேணும்."

"சரி சார்" என்று அவள் அலமாரியைச் சாத்தினாள். காண்ட்ராக்டில் இருந்தவள். பொங்கலுக்குள் பர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு.

மறுநாள் சிதம்பரத்தில் பெண் வீடு. பெண்ணின் அப்பா சிற்றம்பலம், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், யார் எதைச் சொன்னாலும் சந்தோஷமாக நம்புகிற மனிதர். "மேனேஜர்னா என்னா வேலை தம்பி பாப்பீங்க?" என்று மரியாதைக்குக் கேட்டார். வேறு யாராக இருந்தாலும் "நல்லா போயிட்டு இருக்குங்க" என்று சொல்லி பஜ்ஜியைக் கடித்திருப்பார்கள். செம்பியன் பையைத் திறந்தான்.

வரும்போதே பார்த்துவைத்திருந்தான். ஹால் கதவு முழுதாகச் சாத்த வரவில்லை. "கீல்ல இருக்குற ஸ்க்ரூ தலை வெளிய நிக்கிது மாமா. ஓட்டை ஒரு டிகிரி, ஸ்க்ரூ ஒரு டிகிரி" என்றான். சம்பந்தம் முடிவதற்கு முன்பே 'மாமா' வந்துவிட்டதை வெண்மதி மட்டும் கவனித்து நெளிந்தாள். சிற்றம்பலம் உற்சாகமாக ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்தார். பெண் சுவாதி காபித் தட்டோடு வந்தபோது மாப்பிள்ளை கதவடியில் குந்தி, வாயில் இரண்டு திருகாணியைக் கவ்விக்கொண்டு, கீலின் ஓட்டைக்குள் கேஜைச் செருகிக்கொண்டிருந்தான். தொங்குகிற கதவைத் தாண்டி வர வழியில்லாமல் அவள் தட்டோடு அங்கேயே நின்றாள்.

"கம்பெனி சாமானா இது? வீட்டுக்கு எடுத்துட்டு வர உடுவாங்களா?" என்று அவள் கேட்டாள்.

திருகாணிகளைக் கையில் துப்பிவிட்டு, "என்னைக் கேட்டுத்தான் மத்தவங்க எடுக்கணும்" என்றான்.

கதவு கடைசிவரை சாத்த வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "பதில் சொல்லி அனுப்பறோம்" என்று கை கூப்பினார் சிற்றம்பலம்.

பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போதுதான் செம்பியனுக்கு உறைத்தது. கேஜ் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. போனை எடுத்தான். வெண்மதி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்குடா?"

"அவுங்களுக்குத்தான். கேஜ வச்சிட்டு வந்துட்டேன்கா."

"பேசாம வைய்யி. பொண்ணு வீட்டுல பதில் சொல்றதுக்கு முன்ன மாப்ள வீட்டுல போன் போட்டா என்னா நெனைப்பாங்க? அலையறானுவோன்னுதான். அதுவும் ஒரு இரும்புத்துண்டுக்காவ."

"கம்பெனிதுக்கா."

"நீதான மேனேஜரு. ஒன்ன யாரு கேக்கப் போறா?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் பயோடேட்டாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போனைப் பைக்குள் போட்டான்.

கேட்கிறவர்கள் திங்கட்கிழமை காலையிலேயே சென்னையிலிருந்து வந்துவிட்டார்கள். சரக்கு வாங்குகிற கம்பெனியின் ஆட்கள். அவர்களை அழைத்துவந்தவர் தேவநாதன். அசல் குவாலிட்டி மேனேஜர். வந்தவர்கள் முதலில் பார்க்கக் கேட்டது கவுண்டர்சிங்க் கேஜை. செம்பியன் தன் மேஜை இழுப்பறையைத் திறந்தான். இல்லை என்று தெரிந்தே திறந்து, இல்லாததைக் கண்டு திடுக்கிட்டான். திடுக்கிட்டது நன்றாகவே அமைந்தது.

"சனிக்கிழமை இங்கதான் சார் வச்சிப் பூட்டினேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னொரு சாவி ஸ்டோர்லதான் இருக்கு" என்றான்.

தேவநாதன் எப்போதோ ஒரு பயிற்சிக்குப் போய் 'ஐந்து ஏன்' என்ற முறையைக் கற்றுவந்திருந்தார். எந்தக் கோளாறானாலும் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டுக்கொண்டே போனால் மூலகாரணம் அகப்பட்டுவிடும் என்பது அவர் கொள்கை. ஐந்தாவது ஏனில் எப்போதும் ஒரு சின்னச் சம்பளக்காரர்தான் நின்றுகொண்டிருப்பார் என்பதை அவர் தற்செயலாகவே எடுத்துக்கொண்டார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று செம்பியனிடம் மார்க்கரைக் கொடுத்து, "நீயே கேளு" என்றார்.

வெள்ளைப் பலகைக்கு ஒரு பக்கம் செம்பியன். எதிரே துப்பட்டா முனையைச் சுருட்டிக்கொண்டு பிரிசில்லா.

"கேஜு ஏன் ஸ்டோர்ல இல்ல?"

"திரும்ப வரல சார்."

"ஏன் வரல?"

"நீங்கதான் டேபிள்ல இருக்குன்னு சொன்னீங்க."

"ஏன் போயிப் பாக்கல?"

"நீங்க சொன்னீங்களே சார்."

"வாய் வார்த்தைய ஏன் நம்பினீங்க?" என்று செம்பியன் கேட்டான். அந்தக் கேள்வி தன் குரலிலேயே அவன் காதில் விழுந்தது.

பிரிசில்லாவுக்குக் கேள்வி புரியவில்லை. "உங்க வார்த்தைதான சார்" என்றாள்.

மார்க்கர் கொஞ்ச நேரம் பலகையைத் தொடவில்லை. "எழுதுப்பா, எழுது. நேரில் சரிபார்க்கவில்லை" என்று தேவநாதன் எடுத்துக்கொடுத்தார். செம்பியன் எழுதினான். ஐந்தாவது ஏனைக் கேட்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. முறையைவிடச் சீக்கிரமாகவே காரணம் கிடைத்துவிட்டதில் தேவநாதனுக்குத் திருப்தி. வந்தவர்களுக்கும் திருப்தி. இந்த வாரத்தோடு பிரிசில்லா நின்றுகொள்ள வேண்டும் என்று முடிவானது.

மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததைச் செம்பியன் பார்த்தான். பார்த்துவிட்டு வேறு வழியாகக் கேன்டீனுக்குப் போனான். பதில் வந்ததும் போன் பண்ணலாம், கேஜை வாங்கி ஏதாவது அலமாரிக்குப் பின்னால் போட்டுத் தானே கண்டெடுக்கலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தான். கண்டெடுத்தவனை எல்லோரும் பாராட்டுவார்கள் என்பதுவரைக்கும் திட்டம் நீண்டது. அந்த இடத்தில் அவனுக்கே உடம்பு கூசியது.

பதில் போனில் வரவில்லை. புதன்கிழமை நேரில் வந்தது.

மாப்பிள்ளையைப் பற்றி வேலை பார்க்கிற இடத்தில் நாசூக்காக விசாரிக்காமல் யாரும் பெண் கொடுப்பதில்லை. சிற்றம்பலத்துக்கு நாசூக்கு வராது. வெளுத்த துண்டில் கேஜைச் சுற்றி எடுத்துக்கொண்டு நேராகக் கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார். கையில் கருவி இருந்ததால் வாட்ச்மேன் அவரை ஸ்டோருக்கு அனுப்பினார். செம்பியன் தகவல் தெரிந்து ஓடிவந்தபோது துண்டு பிரிந்து கவுண்டர் மேல் கிடந்தது. கேஜ் பிரிசில்லாவின் உள்ளங்கையில் இருந்தது. அவள் பச்சை ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாப்ள" என்றார் சிற்றம்பலம். அந்த ஒரு வார்த்தையில் முழுப் பதிலும் இருந்தது. "ஃபிரிட்ஜ் மேல வச்சிட்டு வந்துட்டீங்க. போன் பண்ணலாம்னா, உங்க அக்கா நம்பருதான் இருக்குது. அதான் நானே வந்துட்டேன். கதவு இப்ப சாத்துதுங்க. பெயிண்ட்டுதான் அடைச்சிருந்துச்சி, சொரண்டிட்டேன்."



"ஐயா, இவரு ஞாயித்துக்கிழமையா வந்தாரு?" என்று பிரிசில்லா மெதுவாகக் கேட்டாள்.

"ஆமாம்மா. பொண்ணு பாக்க. இத வச்சி எங்கூட்டுக் கதவையே அளந்துட்டாரு." அவர் குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு அதே சத்தத்தில் கேட்டார்: "நீ கூட வேலை செய்யிற பொண்ணு. சொல்லும்மா, ஆளு எப்படி?"

பிரிசில்லா நல்லதும் சொல்லலாம், கெட்டதும் சொல்லலாம். இரண்டில் எதைச் சொல்வாள் என்று செம்பியன் நின்றுகொண்டிருந்தான். நல்லது சொல்லிவிடுவாளோ என்றுதான் பயமாக இருந்தது.

"நான் சனிக்கிழமையோட நிக்கிறேன் ஐயா. இது காணாமப் போச்சின்னு. என்னைக் கேக்காதீங்க, அவரையே கேளுங்க."

சிற்றம்பலம் திரும்பினார். நம்புவதற்குத் தயாராக இருக்கிற அதே முகம். அதைப் பார்த்துப் பொய் சொல்வது சுலபம், ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தான்.

"நான் இங்க மேனேஜர் இல்லைங்க" என்று ஆரம்பித்தான். மாமா என்கிற வார்த்தை வரவில்லை. பயோடேட்டா, பை, ஃபிரிட்ஜ், இழுப்பறை, வெள்ளைப் பலகை என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லும்போது கவுண்டர் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிற்றம்பலம் துண்டை எடுத்து உதறி, மடித்து, தோளில் போட்டுக்கொண்டார். "இத எங்கிட்ட சொல்லி என்னா தம்பி பண்றது?" என்றார். "மேல இருக்கறவருகிட்டல்ல சொல்லணும். போங்க."

தேவநாதன் கேட்டுவிட்டு முதலில் கதவைச் சாத்தினார். "ரிப்போர்ட் சென்னைக்குப் போயிடுச்சிப்பா. காரணம் ஒத்துக்கிட்டாங்க. இப்ப காரணம் வேறன்னா நம்ம மானம் என்னாவறது? கேஜு கெடச்சிடுச்சின்னு வச்சிக்குவோம். அந்தப் பொண்ணுக்கு வேற எங்கனா சொல்லிவிடலாம்."

"என் பேர்ல மாத்தி அனுப்புங்க சார். இல்லாட்டி நானே அவுங்களுக்குப் போன் பண்றேன்."

இந்தப் போனையாவது பண்ணிவிடுவான் என்று அவன் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். தேவநாதன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "இன்கிரிமென்ட் கிடையாது. வேலை இருக்குமான்னு மேல கேட்டுட்டுத்தான் சொல்லுவேன். அந்தப் பொண்ணு இருக்கட்டும்."

செம்பியன் இறங்கி வந்தபோது சிற்றம்பலம் இல்லை.

"கெளம்பிட்டாரு" என்றாள் பிரிசில்லா. மேலேயிருந்து அவளுக்கு அதற்குள் போன் வந்திருந்தது. கருவி அலமாரியின் சாவியை மறுபடி வளையத்தில் கோத்துக்கொண்டிருந்தாள்.

"எதனா சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல."

அவன் போகாமல் நின்றான். மன்னிப்புக் கேட்க வாய்வரை வந்த வார்த்தைகள், வெள்ளைப் பலகையில் அழகான கையெழுத்தில் எழுதுகிற மாதிரிதான் வந்தன. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் லேத்திலிருந்து ஒருவர் கருவி வாங்க வந்து காத்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கிங்க சார்" என்றாள் பிரிசில்லா.