சவப்பெட்டியில் விழுந்த நீல நோட்டு

ராஜ்மதியின் உயிர் ஏழு டாலர் ஐம்பது சென்ட்டுக்குப் படிந்தது. கேட்டது பத்தாயிரம்.

கேட்டவன் நள்ளிரவுக் கொள்ளைக்காரன். பெயர்தான் நள்ளிரவு, வந்தது சனிக்கிழமை காலை பத்தரைக்கு, பஸ்ஸில். தலையில் குடை அகலத் தொப்பி, தோளில் மண்டையோடு தைத்த கறுப்புப் போர்வை, வாயில் விசில், கையில் காசு போடுவதற்கு ஒரு முழ நீளத்தில் மரச் சவப்பெட்டி. வார நாட்களில் அவன் பெயர் ஹோலிஸ். துறைமுகத்தில் பளுதூக்கும் வண்டி ஓட்டுகிறவன். கார்னிவல் திருவிழா நெருங்கிவிட்டால் கொள்ளைக்காரன் வேஷம். வழியை மறித்து, விசில் ஊதி, தன் பெருமையை முழங்கி, அது தாங்காதவர்களிடம் காசு பிடுங்குவான்.

"நில்! ஏழு கடலைக் குடித்து எட்டாவதால் வாய் கொப்பளித்தவன்! பிறந்த அன்றே தொட்டிலைத் தின்றவன்! பேர்பெற்ற கொடியவன்! இந்த விலைபோகாத வாளின்மேல் ஆணை, உன் உயிருக்கு விலை பத்தாயிரம், போடு! இல்லையேல் உனக்கு ஒரு பாடம் கற்றுக்கொள்வேன்!"

தன் கடையில் சரிகை அளந்துகொண்டிருந்த ராஜ்மதி கஜக்கோலிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்ன வாளு?"

"விலைபோகாத வாள்!"

"யோவ் ஹோலிஸ், விலைபோகாத சரக்கு என் பரண்ல மூணு மூட்டை கிடக்கு. அதையும் எடுத்துட்டுப் போறியா? விலையே சொல்ல முடியாதுன்னா விலைமதிப்பற்றது. வாங்க நாதியில்லன்னா விலைபோகாதது. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சிருந்தா இந்தக் கடை என்னைக்கோ முழுகியிருக்கும். நீ கேட்டதுல பாதி தள்ளிட்டேன். அப்புறம், பேர்பெற்ற கொடியவனா? பேர்பெற்றவனுக்கு மாலை போடுவாங்க. பேர்கெட்டவனுக்குத்தான் பயப்படுவாங்க. மிச்சத்துலயும் பாதி போச்சு. பாடம் கத்துக்கறதுன்னா தாராளமா கத்துக்கோ, கத்துக்கொடுக்கறது நானு. அதுக்குக் கூலியும் கழிச்சுடுறேன்."

அப்படிக் கழித்துக் கழித்து வந்த தொகைதான் ஏழரை டாலர். சரிகை வாங்க வந்த பெண்கள் சிரித்துச் சிரித்து, சிரித்த மயக்கத்தில் ஆளுக்கு இரண்டு கஜம் கூடுதலாக வாங்கிப் போனார்கள். ராஜ்மதி அதைக் கவனித்தாள். அவள் கவனிக்காதது அந்தத் தெருவில் எதுவும் இல்லை.

கூட்டம் கலைந்ததும் ஹோலிஸ் தொப்பியைக் கழற்றிக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"முதலாளியம்மா, போன வருஷம் கொள்ளைக்காரர் போட்டியில நடுவர் மிஸ் பான்டின் என் காகிதத்துல என்ன எழுதினாங்க தெரியுமா? 'சத்தம் நூறு, பொருள் பூஜ்யம்'னு. இந்த வருஷமும் முதல் சுற்றுல தோத்தா, வெர்லின் இந்தத் தொப்பியைக் கோழிக்கூட்டுல வைக்கப்போறா. 'கட்டில்ல பாதி இடத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா கிடக்குது, கோழியாவது அதுல முட்டை போடட்டும்'ங்கறா."

"உன் பொண்டாட்டி வியாபாரம் தெரிஞ்சவ."

"விளையாடாதீங்க. பன்னிரண்டு வருஷமா ஒவ்வொரு குஞ்சமா நானே தைச்ச தொப்பி இது."

முதல் சுற்றின் விதி எளிது. நகரின் இந்தப் பகுதிக்கு இரண்டு கொள்ளைக்காரர்கள். ஆளுக்கு ஒரு தெரு, ஒரு மணி நேரம். சவப்பெட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி மிஸ் பான்டினிடம். யார் பெட்டியில் அதிகம் விழுந்ததோ அவர் இறுதிச் சுற்றுக்கு. விழுந்த பணம் அவரவருக்கே. இரண்டு வருடமாக ஹோலிஸைத் தோற்கடித்தவன் ஒஸ்மண்ட், தபால் நிலையத்துக்காரன், வெண்ணெய் தடவிய குரல்.

ராஜ்மதி மனதுக்குள் கணக்குப் போட்டாள். இவன் வந்தால் கூட்டம், கூட்டம் வந்தால் விற்பனை.

"தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வந்து என்னைக் கொள்ளையடி. சரியான வார்த்தைக்குக் கால் டாலர். தப்புக்கு அரை டாலர் நீ எனக்கு."

முதல் வாரம் அவள் கையில் பதினோரு டாலர் லாபம். வார்த்தைகளை ஜோடி ஜோடியாகக் காகிதத்தில் எழுதி மனப்பாடம் செய்யப் பார்த்தான் ஹோலிஸ். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் எல்லாம் இடம் மாறிவிடும். பிறகு காகிதத்தை எறிந்துவிட்டு ஒவ்வொரு ஜோடியையும் முழக்கமாகக் கட்ட ஆரம்பித்தான்.

"சிக்கனக்காரன் தன் ரொட்டியை எண்ணித் தின்பான்! கஞ்சனோ அடுத்தவன் ரொட்டியையும் எண்ணுவான்! நான் இருவரையும் ரொட்டியோடு தின்பேன்!"

அப்படிக் கட்டியது ஒன்றுகூட இடம் மாறவில்லை. வாய்க்குப் பிடித்துப்போனதை மூளை தள்ளவில்லை. இரண்டாம் வாரக் கடைசியில் ராஜ்மதிதான் காசு கொடுத்துக்கொண்டிருந்தாள். போதாததற்கு அந்த வியாதி அவளையும் தொற்றியது. ஊசி மொத்த வியாபாரியிடம், "தாமதம் என்றால் வரும்! ஏமாற்று என்றால் வராது! உன் சரக்கு எது, சொல்!" என்று இடுப்பில் கைவைத்து முழங்கினாள். சரக்கு மறுநாளே வந்தது.

போட்டி வெள்ளிக்கிழமை, மூன்றிலிருந்து நான்கு. சீட்டுக் குலுக்கியதில் ஒஸ்மண்டுக்குக் கப்பல் பயணிகள் இறங்கும் துறைமுக வீதி. ஹோலிஸுக்கு ராஜ்மதியின் கடை இருக்கும் சார்லட் தெரு.

"தொலைஞ்சேன்," என்றான் ஹோலிஸ். "பிச்சைக்காரனே கைவிட்ட தெரு இது."

"இங்கே பயத்துக்குக் காசு வராது," என்றாள் ராஜ்மதி. "வாயை மூடுன்னு சொல்றதுக்குத்தான் வரும். போ."

விசில் ஊதிக்கொண்டு அவன் நேராகத் துணிக்கடை நாசர் வாசலுக்குப் போனான். அந்தக் கடையில் 'கடையை மூடுகிறோம், கடைசி விற்பனை' என்ற பலகை பதினோரு வருடமாகத் தொங்குகிறது.

"நில், நாசர்! மூடுவது என்றால் கதவு சாத்துவது! கடைசி என்றால் அதற்குப் பின் ஒன்றுமில்லை! நீ மூடத் தொடங்கிய நாளில் பிறந்த பிள்ளை இப்போது தொடக்கப் பள்ளி முடிக்கப்போகிறது! அடேய், பூமியே மூடினாலும் மூடாத கடைக்காரா! மூடு, அல்லது திற, அல்லது இந்தச் சவப்பெட்டியை நிரப்பு!"

தெரு வெடித்துச் சிரித்தது. கடலைக்கறி வைத்த டபிள்ஸ் ரொட்டி விற்கிறவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். நாசர் முகம் சிவக்க இருபது டாலர் போட்டார்.

"போய்யா, புண்ணியமாப் போகும், பக்கத்துக் கடைக்குப் போ!"

பக்கத்துக் கடை செருப்புக்கடை. "தோலுக்கும் தோல்போன்றதற்கும் என்ன தூரம்?" என்று ஆரம்பிப்பதற்குள் பத்து டாலர் விழுந்தது. இதுவரை அவன் பேசியது யாருக்கும் புரிந்ததில்லை, கேட்டுவிட்டுப் போனார்கள். இப்போது ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. கடைக்காரர்கள் அவன் வருவதற்கு முன்பே நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

நான்கு அடிக்க இரண்டு நிமிடம். கடைசிக் கடை ராஜ்மதியுடையது. அவள் கைகட்டி நின்றாள். தன்னிடம் மட்டும் இவன் பருப்பு வேகாது என்று ஒரு நம்பிக்கை.

"நில், சரிகை ராணி! வரவு என்றால் வந்தது! புதுவரவு என்றால் புதிதாக வந்தது! மூன்று கார்னிவலுக்கு முன் வந்து, எலியோடு குடும்பம் நடத்தி, பரணிலிருந்து நேற்று இறங்கிய இந்தச் சரிகைக்கு என்ன பெயர்?"

சரிகைமேல் குத்தியிருந்த 'புதுவரவு' அட்டையைச் சட்டென்று கவிழ்த்தாள் ராஜ்மதி. ஆனால் தெருவே பார்த்துவிட்டது. நாசர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"இருபது தரேன், வாயை மூடு!"

வாழ்க்கையில் முதல்முறை பேரம் பேசாமல் ஒரு தொகை சொன்னாள். கல்லாவைத் திறந்தால் சில்லறையெல்லாம் போய், ஒரு நூறு டாலர் நீல நோட்டு மட்டும் இருந்தது. அதைப் பெட்டிக்குள் திணித்தாள்.

"எண்பது திருப்பிக் கொடு!"

"பூட்டியிருக்கு, முதலாளியம்மா!"

"எண்பது! யோவ், எண்பது டாலர்!"

மிஸ் பான்டினின் மணி அடித்தது.

நூலகப் படிக்கட்டில் பெட்டிகளைத் திறந்து எண்ணினார்கள். ஒஸ்மண்டுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. ஹோலிஸுக்கு முந்நூற்று நாற்பத்தெட்டு. ஹோலிஸ் தொப்பியைக் கட்டிக்கொண்டு குதித்தான். மிஸ் பான்டின் வாயைத் திறப்பதற்குள் ராஜ்மதி கழித்துவிட்டாள்: எண்பது போனால் இருநூற்று அறுபத்தெட்டு.

ஒஸ்மண்டும் கழித்திருந்தான். தன் வசூலைக் கொஞ்சம் முன்பே முடித்துக்கொண்டு துறைமுகத்திலிருந்து திரும்பி வரும்போது தெருமுனையில் நின்று கேட்டிருக்கிறான்.

"மேடம், ஒரு சின்ன விஷயம். அந்த நூறுல எண்பது பாக்கி தரணும்னு அந்தம்மா ஊரே கேக்கக் கத்துனாங்க. அது எப்படிச் சேரும்?"

மிஸ் பான்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "பாக்கி கேட்டீங்களா, ராஜ்மதி?"

தெரு முழுக்க வந்து நின்றிருந்தது. பத்து சென்ட்டுக்காக ராஜ்மதி மழையில் வாடிக்கையாளரைத் துரத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்தவர்கள் எல்லோரும். ஹோலிஸ் குதிப்பதை நிறுத்தியிருந்தான். தொப்பியின் குஞ்சங்கள் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

எண்பது டாலர் என்றால் நாற்பது கஜம் சரிகை. ராஜ்மதி அதையும் ஒருமுறை நினைத்துக்கொண்டாள்.

"கேட்டேன்," என்றாள். "பாக்கி கேக்கறது என் வாய்ப்பழக்கம். தூக்கத்துலகூடக் கேப்பேன், என் புருஷனைக் கேளுங்க. போட்டது நூறு. நூறும் கொள்ளை போச்சு."

"ராஜ்மதிக்குக் காய்ச்சல்!" என்று கத்தினார் நாசர். "யாராவது நெத்தியைத் தொட்டுப் பாருங்கப்பா!"

"உங்க கடையை மூடிட்டு வந்து நீங்களே பாருங்க, நாசர் பாய்!"

ஹோலிஸ் இறுதிச் சுற்றுக்குப் போனான்.

கடைக்குத் திரும்பி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ராஜ்மதி கணக்கு நோட்டைப் பிரித்தாள். தெருவுக்குச் சொன்னது வேறு, நோட்டுக்குச் சொல்வது வேறு. கொள்ளை போனது: இருபது. கூட்டத்தால் அன்று கூடுதலாக விற்றது: நூற்று முப்பத்தைந்து. ஹோலிஸ் தரவேண்டியது: எண்பது. அதற்கு எதிரே 'வராக்கடன்' என்று எழுதினாள். அதை அடித்துவிட்டு, 'தவணை: வாரம் நான்கு முழக்கம், கடை வாசலில், இருபது வாரம்' என்று எழுதினாள்.